பின்சந்து வீட்டு விரிசல் தங்கள் அலுவலகச் சுவரில் சரிசெய்யப்பட்டது குறித்து

அனுப்புநர்:
'கேமரா மாமா' என்று சந்து முழுவதும் அறியப்படுபவன்,
ஓய்வுபெற்ற தபால் பிரிப்பாளன்,
தையல்காரம்மாவின் உடன்பிறந்த தம்பி,
பச்சைக் கதவு வீடு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்சந்து.
(முகவரியைத் தயவுகூர்ந்து இருமுறை படிக்கவும். இந்த மனுவே அதைப் பற்றியதுதான்.)

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், இரண்டாம் தளம்,
வடக்குச் சுவர் அண்மையில் பூசப்பட்ட கட்டடம்.

பொருள்: என் அக்கா வீட்டுச் சுவரின் விரிசல் – புகைப்படத்தில் இடம் மாறிப் பதிவானது – வேறு சுவர் பழுதுபார்க்கப்பட்டது – முடித்துவைக்கப்பட்ட புகாரை மீண்டும் திறக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பதினேழு படங்களுடன் நான் அளித்த புகார். 2. 'தங்கள் சுவர் சரிசெய்யப்பட்டது' என்று எனக்கு வந்த குறுஞ்செய்தி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். தலைகால் புரியாத நிலையில் உள்ள ஒருவன் எழுதும் மனு இது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவன் நான். கிறுக்கல் எழுத்து, பாதி முகவரி, மழையில் கரைந்த மை, எதுவானாலும் என் கையைத் தொட்டால் போய்ச் சேர வேண்டிய வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மொத்தம் ஒன்பது கோடிக் கடிதங்கள் இருக்கும், கூடக்குறைய நாலைந்து. அப்படிப்பட்டவன் ஒரே ஒரு சுவரை, அது ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் இடத்தில் நிற்கவைக்க முடியாமல் தங்கள் முன் வந்திருக்கிறேன்.

2. சுவர் என் அக்காவுடையது. அக்கா தையல்காரர். தையல் அறையின் வடக்குச் சுவருக்கு வெளியே, சந்துக்கு அடியில் நகராட்சியின் குடிநீர்க் குழாய் போகிறது. அதில் எங்கோ கசிவு. மூன்று மாதமாகச் சுவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. முதலில் ஒரு நூல் அளவுக்கு விரிசல் விட்டது. அக்காவுக்கு ஸ்கேலில் நம்பிக்கை கிடையாது. சீருடைத் துணியை மடித்து மடித்து விரிசலுக்குள் செருகிப் பார்த்து அளவெடுப்பார். முதல் வாரம் ஒரு மடிப்பு, அதுவும் முக்கி முனகித்தான் நுழைந்தது. நான் தங்கள் அலுவலகப் படியேறிய நாளில் நான்கு மடிப்பு. அந்தச் சுவருக்கு இரண்டடி தள்ளி, அதற்கு முதுகு காட்டியபடி, நாள்தோறும் எட்டு மணி நேரம் அக்கா தையல் எந்திரம் மிதிக்கிறார். இடம் மாற்றிப் போடு என்றால், ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் விழுகிறது என்கிறார். அறுபது மருத்துவமனைச் சீருடைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். வெளிச்சத்தை நகர்த்தும் வழி எனக்கும் தெரியவில்லை.

3. முகப்பு மேசையில் இருந்த அம்மையார் மிகவும் தன்மையாகப் பேசினார். புகாரோடு படம் வேண்டும் என்றும், "போட்டோவுக்குள்ள எடம் இருக்கணும் சார்" என்றும் கூறினார். சுவரைப் படமெடுத்தால் அதில் சுவர் இருக்கும், சுவர் இருக்கும் இடம்தானே இடம் என்று நான் விளக்கினேன். "அது இல்ல சார், உள்ள இருக்கும், கண்ணுக்குத் தெரியாது" என்றார். படத்துக்குள் இடம் இருக்க வேண்டும், ஆனால் அது படத்தில் தெரியக்கூடாது. இதை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்ததில் என் வீட்டைத் தாண்டி இரண்டு தெரு போய்விட்டேன் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

4. என் கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கைப்பேசிக்கு விண்ணில் உள்ள அத்தனை செயற்கைக்கோள்களோடும் பேச்சுவார்த்தை உண்டு. நான் நிற்கும் இடத்தை நொடிக்கு நொடி அறியும். ஆனால் சென்ற ஆண்டு அது வாளித் தண்ணீரில் குளித்ததிலிருந்து அதன் கேமராவுக்குப் பார்வை மங்கல். எதைப் படமெடுத்தாலும் பனிமூட்டத்தில் ஒரு யானை நிற்பது போலவே விழும். என் பழைய கேமராவுக்கோ கழுகுக் கண். ஆனால் அதற்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியாது. மணி மட்டும்தான் தெரியும்.

5. இரண்டையும் சேர்த்துவைக்கும் வழியை அக்கா மகள் தொலைபேசியில் சொன்னாள். வெளியூர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். எலும்பு வரை பார்ப்பவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கேட்டுக்கொண்டேன். கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை மணிக்கு எங்கே இருந்தேன் என்று அது விடாமல் குறித்துக்கொண்டே வரும். கேமராவால் படம் எடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு எடுத்த படம் என்று அது குறித்துக்கொள்ளும். பிறகு கணினியில் இரண்டு மணியையும் பொருத்தினால், ஒவ்வொரு படத்துக்கும் அதன் இடம் வந்து ஒட்டிக்கொள்ளும். "ஒண்ணே ஒண்ணு மாமா, ரெண்டுலயும் டைம் ஒண்ணா இருக்கணும். அதுல மட்டும் கோட்டை விட்றாதீங்க" என்று மூன்று முறை சொன்னாள். நான் என்ன சின்னப்பிள்ளையா என்று நான்கு முறை கேட்டேன்.

6. இவ்விடத்தில் எங்கள் குடும்ப ரகசியம் ஒன்றை அரசு ஆவணத்தில் ஏற்ற வேண்டிய நிலைக்கு ஆளாகியுள்ளேன். என் அக்கா பிறந்ததிலிருந்து எதற்கும் நேரத்துக்குப் போனதில்லை. அவருடைய சொந்தத் திருமணத்துக்கே கடைசியாக வந்து சேர்ந்தவர் அவர்தான். ஆகவே கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் ஓடவிட்டேன். ஒரு மாதத்தில் அக்கா அதற்குப் பழகி, மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டார். நான் இன்னொரு பத்து ஏற்றினேன். அவர் இன்னொரு பத்து கழித்தார். போட்டி முற்றி, கடிகாரம் தற்போது நாற்பது நிமிடம் முன்னால் ஓடுகிறது. வீட்டில் அனைவரும் நாற்பதைக் கழித்துக்கொள்வோம். பழகிப்போய்விட்டதால், கழிக்கிறோம் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. அன்று கேமராவின் மணியை நான் அந்தக் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வைத்தேன், ஐயா. கேமராவுக்குக் கழிக்கத் தெரியவில்லை.

7. மறுநாள் காலை சரியாகப் பத்து மணிக்கு (தங்கள் மணிப்படி) பதினேழு படங்கள் எடுத்தேன். பொதுவாக நான் எடுக்கும் படங்களில் யாருக்கும் தலை இருக்காது என்று குடும்பத்தில் ஒரு புகார் உண்டு. சுவருக்குத் தலை இல்லாததால் இவை அற்புதமாக வந்தன. அப்படியே கைப்பேசியும் சட்டைப்பையுமாகத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். பத்து நாற்பதிலிருந்து முகப்பில் உள்ள பெஞ்சில் சற்று நேரம், வடக்குப் பக்கக் குழாயடியில் தண்ணீர் குடிக்கச் சற்று நேரம், பிறகு அதே வடக்குப் பக்கக் கழிவறையில் சற்று நேரம் இருந்தேன். அம்மையார் படங்களைப் பார்த்துவிட்டு, எதிரில் உள்ள கம்ப்யூட்டர் கடையில் இடத்தைப் பொருத்தி அனுப்பிவிடச் சொன்னார்.

8. கடைக்காரர் கேமராவையும் கைப்பேசியையும் கணினியில் செருகிப் பொருத்தினார். வரைபடத்தில் பதினேழு சிவப்புப் புள்ளிகளும் தங்கள் அலுவலகத்தின் மீதே பூத்தூவியது போல் விழுந்தன. "எடம் சரிதானே சார், நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று அவர் கேட்கத்தான் செய்தார். நான் பார்த்தேன். முப்பத்தொரு ஆண்டுகளாக, உறையின் மேல் எழுதியிருக்கும் இடம் என்றால் அது போய்ச் சேர வேண்டிய இடம் என்றே பார்த்துப் பழகிய கண் இது. புகார் யாருக்கு? நகராட்சிக்கு. புள்ளி எங்கே? நகராட்சியில். "கச்சிதம், அனுப்புங்க" என்றேன். அனுப்பிவிட்டார். கடைக்காரர் மீது எள்ளளவும் பிழை இல்லை.

9. அதன்பின் தங்கள் அலுவலகம் காட்டிய வேகத்தைப் புகழ எனக்குச் சொற்கள் இல்லை. இரண்டு பொறியாளர்கள் ஒன்பதே நிமிடத்தில் சம்பவ இடத்தை அடைந்தார்களாம். மாடிப்படி இறங்கினால் போதுமானதாக இருந்தது. வடக்குப் பக்கக் கழிவறைச் சுவரில் உண்மையிலேயே ஒரு விரிசல் இருந்திருக்கிறது. என் படங்களில் உள்ளது அதுதான் என்று நினைத்து, இரும்பு முட்டுக் கொடுத்து, சிமெண்டு வைத்து அடைத்து, வெள்ளையடித்தும் விட்டார்கள். நான் நேரில் சென்று தடவிப் பார்த்தேன். அப்படி ஒரு வேலைப்பாட்டை எந்த அரண்மனையிலும் காண முடியாது. மூன்றாம் நாள் எனக்கு வந்த செய்தி: தங்கள் சுவர் சரிசெய்யப்பட்டது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்.

10. அச்செய்தியை அக்காவிடம் படித்துக் காட்டினேன். எந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஒரு துணியை ஆறாக மடித்துச் செருகினார். போயிற்று. "சரியாயிருச்சுன்னு கவர்மெண்டே சொல்லுதுடா. அப்ப என் துணிதான் சுருங்கிருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினார். அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் சாப்பாட்டைத் தள்ளிவைப்பது எத்தகைய பேரிடர் என்பதற்கு என் உறவினர் அனைவரும் சாட்சி சொல்வார்கள்.

11. என்ன நடந்தது என்றே புரியாமல் பத்து நாள் அலைந்தேன். சுவர் எப்படி நடந்து போயிற்று, கைப்பேசி பொய் சொல்கிறதா, கேமரா பொய் சொல்கிறதா, அல்லது நான்தான் தங்கள் அலுவலகக் கழிவறையில் குடியிருக்கிறேனா என்றுகூட ஒரு கட்டத்தில் ஐயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்தாள். கேமராவைப் பார்த்தாள். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மாமா..." என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கருவிகளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. பத்து மணிப் படத்தைக் கேமரா பத்து நாற்பது என்று குறித்தது, பத்து நாற்பதுக்கு நான் தங்கள் அலுவலகத்தில் இருந்தேன் என்று கைப்பேசி குறித்தது. நாற்பது நிமிடப் பொய் என்னுடையது.

12. அன்றே மணியைத் திருத்தி, அவளே புதிதாகப் படம் எடுத்தாள். இம்முறை புள்ளிகள் பச்சைக் கதவின் மேலேயே விழுந்தன. ஆனால் தங்கள் கணினி அவற்றை ஏற்க மறுக்கிறது. அதே சுவர், அதே விரிசல், ஏற்கெனவே சரிசெய்யப்பட்டது என்கிறது. படங்கள் ஒன்று போலிருப்பதைக் கண்டுபிடிக்கும் அந்தக் கூர்மதியை மெச்சுகிறேன். அது எதற்காக என் வீட்டை மட்டும் நம்ப மறுக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. முகப்பு அம்மையார், "கம்ப்யூட்டர்ல முடிஞ்சிருச்சுன்னா எங்க கையில ஒண்ணுமில்ல சார். பெரியவர் கையெழுத்துப் போட்டாத்தான் தெறக்கும்" என்றார். அந்தப் பெரியவர் தாங்கள்தான் என்பதால் இம்மனு.

13. இதனிடையே மழை தொடங்கிவிட்டது. துணி வெட்டும் பலகையை நிமிர்த்திச் சுவருக்கு முட்டாகச் சாய்த்திருக்கிறோம். தரையில் விரித்துத் துணி வெட்டுகிறார் அக்கா. முப்பத்தெட்டு சீருடைகள் முடிந்தன, இன்னும் இருபத்திரண்டு. நேற்று மதியம் சுவர் ஒரு சத்தம் போட்டது. பெரிய சத்தம் என்று மிகைப்படுத்த எனக்குத் தெரியும், செய்யவில்லை. யாரோ பல்லைக் கடிப்பது போல் இருந்தது, அவ்வளவுதான். அக்கா மிதிப்பதை நிறுத்திக் கேட்டார். பிறகு மிதித்தார்.

14. ஆகவே தங்களை மிகப் பணிவுடன் வேண்டுவது:

அ) முடித்துவைக்கப்பட்ட புகாரைத் தங்கள் கையொப்பத்தால் திறந்து, குழாய்க் கசிவை அடைத்து, சுவருக்கு முட்டுக் கொடுக்க ஆவன செய்ய வேண்டும். தங்கள் கழிவறைச் சுவர் இப்போது திடமாக உள்ளதால், அந்த இரும்பு முட்டுகளையே கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வோம்.

ஆ) தவறான இடம் காட்டிய குற்றம் முழுவதும் என்னையே சாரும் என்று பதிவுசெய்ய வேண்டும். என் அக்கா கடிகாரத்தைத் தொட்டதே இல்லை. நேரமும் காட்டாமல் இடமும் காட்டாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர். தண்டனை ஏதும் உண்டென்றால் என் பெயரில் எழுதவும். எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் தருகிறேன்.

இ) ஆய்வுக்கு வருபவர்கள் முன்கூட்டி நேரம் குறிக்க வேண்டாம். கூடத்துக் கடிகாரத்தைத் திருத்திவிட்டோம், ஆனால் அனைவரும் பழக்கத்தில் நாற்பதைக் கழித்துக்கொண்டேதான் இருக்கிறோம். இப்போது கடிகாரம் சரி, நாங்கள் தவறு. எப்போது வந்தாலும் எந்திரச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் இடம் தவறாது. சத்தம் கேட்காத நாளில் வரும்படி மட்டும் ஆகிவிடக்கூடாது, ஐயா.

தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
கேமரா மாமா

நாள்: இன்று, மழை மூன்றாம் நாள்.
நேரம்: காலை பதினொன்று பத்து. மூன்று கைப்பேசிகளில் ஒத்துப் பார்த்து எழுதியது.
இடம்: பச்சைக் கதவு வீடு, தையல் அறை, வடக்குச் சுவரிலிருந்து இரண்டடி. அக்காவை எந்திரத்திலிருந்து எழுப்பிவிட்டு அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இணைப்பு: நீல நிறச் சீருடைத் துணி ஒன்று, மடித்துத் தைத்தது. இன்று காலை தடையில்லாமல் விரிசலுக்குள் போய் வந்தது. பதினோரு மடிப்பு, அருள்கூர்ந்து தாங்களே விரலால் எண்ணிப் பார்க்கவும்.