நானும் அந்த வகுப்புத்தான்

என் அன்பு யோகன்,

நீங்கள் போய் நாலு மாதமாகிறது. நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை வருகிறது. கேட்டு என்ன செய்ய? மகள் பரீட்சை எழுதுகிறாள். ஊரில் சண்டை, பாதை பூட்டியபடிதான். உங்கள் தங்கைக்கு நான் எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. மல்வேர்ன் பஸ் இப்போதும் பிந்தித்தான் வருகிறது. நீங்கள் திட்டியதை இப்போது நான் திட்டுகிறேன்.

இன்று சொல்ல வந்தது வேறு. நான் பனியில் ஸ்கீ செய்யப் போனேன். ஓம், நான்தான். சிரிக்காதீர்கள்.

கம்பஸில் நம்மோடு படித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒருமுறை போகவேண்டும் என்று வருடாவருடம் சொன்னது நீங்கள்தானே? "பனியை வழிக்கத்தான் இந்த நாட்டுக்கு வந்தனாங்களோ? ஒருநாள் அதில விளையாடியும் பாப்பம்" என்பீர்கள். ஒவ்வொரு வருடமும் யாருக்காவது ஷிப்ட் வந்துவிடும், இல்லையென்றால் யாருடைய வீட்டிலாவது பெண்பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. இந்த வருடம் உங்கள் நினைவாகப் போவதென்று எல்லோரும் முடிவெடுத்தார்கள். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

வெக்ஸ்போர்ட்டில் உள்ள தமிழ்க் கடையில் பத்மாவைக் கண்டுதான் அறிந்தேன். வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்த அதே பத்மா. கூடை நிறையப் பாண் வைத்திருந்தாள். "என்ன, வீட்டில விசேஷமோ?" என்று கேட்டேன். அவளுடைய முகம் செத்துப்போனது.

"சனிக்கிழமை எல்லாரும் ஸ்கீக்குப் போறம், வசந்தி. உமக்கு இன்னும் வருசம் திரும்பேல்லை, ஆட்டைத் திவசம் முடியேல்லை. எப்பிடிக் கேக்கிறது எண்டுதான்…"

எனக்கு வந்த கோபம் உங்களுக்குத் தெரியாததா? வருடம் திரும்பும்வரை கொண்டாட்டங்களுக்குப் போகாமல் இருப்பது நம் வழக்கம்தான். கல்யாண வீடுகளுக்கு என்னைக் கேட்காததில் வருத்தமில்லை. இது வேறு. இந்த நகரத்தில் உங்களை இருபது வயதில் கண்டவர்கள் இந்த ஐந்து பேர்தான். மற்றவர்களுக்கு நீங்கள் தொழிற்சாலைக்குப் போய் வந்த, பிரஷர் குளிசை போட்ட ஒரு அங்கிள். இவர்களும் மரியாதை என்று சொல்லி விலகிவிட்டால், உங்களைப் பற்றி நான் யாரோடு பேசுவது?

வீட்டுக்கு வந்ததும் நந்தனுக்கு ரெலிபோன் எடுத்தேன். எல்லோரையும் ஏற்றிப்போகும் வானை ஓட்டப்போவது அவன்தான். கம்பஸ் நாட்களில் உங்களோடு ஒரே அறையில் இருந்தவன், அன்றிலிருந்து என்னை 'நீர்' என்றவன், செத்தவீட்டுக்குப் பிறகு 'நீங்கள்' என்கிறான்.

"நீங்கள் வாறதெண்டால்… சனம் என்ன கதைக்குமோ தெரியேல்லை."

"நானும் அந்த வகுப்பிலதானே படிச்சனான்? யோகன்ர மனுசி எண்டு வரேல்லை. எனக்கொரு சீற் வையும்."

வானுக்குள் ஒருவரும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. உங்கள் நினைவாகப் புறப்பட்ட பயணத்தில் வீட்டு விலை பேசினார்கள், பிள்ளைகளின் படிப்புப் பேசினார்கள், உங்களை மட்டும் பேசவில்லை. நான் ஏறியதால் வந்த வினை. வந்தது பிழையோ என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

மலை என்று பேர், சிறுபிள்ளைகள் பழகும் சரிவுதான். அந்தப் பாரமான ஸ்கீ பூட்ஸோடு நடப்பதே பெரும்பாடு. பழக்க வந்த பெட்டைக்கு நம் மகளின் வயதிருக்கும். எப்படி விழுவது என்றுதான் முதலில் காட்டித் தந்தாள். அதில் நாங்கள் எல்லோருமே கெட்டிக்காரர்கள். சரிவின் நடுவில் மல்லாக்க விழுந்தேன். ஒரு காலின் ஸ்கீப் பலகை கழன்று தன் பாட்டில் கீழே போனது. எழும்ப முடியவில்லை. கிடந்தபடியே உரத்துச் சொன்னேன்: "யோகன் இருந்திருந்தா என்னைத் தூக்கியிருக்கமாட்டார். கமரா எடுக்க ஓடியிருப்பார்."

நந்தன் என் பக்கத்தில் பனியிலேயே இருந்து அழத் தொடங்கினான். நரைத்த தலையோடு, விம்மி விம்மி. நானும் அழுதேன். பத்மாதான் எங்கள் இரண்டு பேரையும் திட்டித் திட்டி எழுப்பிச் சாப்பாட்டு மண்டபத்துக்குள் கொண்டுபோனாள்.

உள்ளே பாணும் சம்பலும் பிரித்து வைத்த பிறகுதான் உங்கள் கதை வந்தது. வந்தது நிற்கவில்லை.

"அவன் உம்மட்டை விருப்பமோ எண்டு கேக்க முதல் எத்தினை நாள் சைக்கிள் விடுற இடத்தில நடுங்கிக்கொண்டு நிண்டவன் தெரியுமோ?" என்றான் நந்தன். "என்னைக் காவலுக்கு விட்டிட்டு, உம்மைக் கண்டதும் மதிலுக்குப் பின்னாலை ஒளிச்சிடுவான்."

என்னிடம் இவ்வளவு காலமும் என்ன சொன்னீர்கள்? ஒரே மூச்சில் வந்து கேட்டேன், பயமே இருக்கவில்லை என்று. பச்சைப் பொய்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. நீங்கள் போனபின் நான் சிரித்தது அன்றுதான். உங்களைப் பற்றி எனக்கு ஒரு புதுச் செய்தி வந்திருக்கிறது, யோகன். இனிமேல் ஒன்றும் வராது என்றல்லவா நினைத்திருந்தேன்? இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்கள் படத்துக்கு விளக்கு வைக்கும்போதெல்லாம், என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆட்டைத் திவசத்துக்கு இவர்களை முதல் பந்தியில் இருத்தி, வயிறு நிறையப் போட்டு, வாயைக் கிளறப்போகிறேன். அடுத்த வருடப் பனிக்கும் போவேன், யாரும் கேட்டாலும் கேட்காவிட்டாலும். எனக்குத் தெரியாத யோகன் இன்னும் எவ்வளவோ அவர்களிடம் இருக்கிறார். அத்தனையையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வருவேன். வந்து உங்களோடு சண்டை பிடிப்பேன்.

உங்கள் வகுப்புத் தோழி, உங்கள் மனைவி,
வசந்தி