தடை சொல்ல யாரும் எழும்பவில்லை

வடசேரி
9-10-1956

அன்பு மகள் விக்டோரியாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம், இடுப்பு வலி பழையபடிதான், இருதயம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை முதல் இடம் மாறி அடிக்கிறது. இலங்கையில் நீயும் மருமகனும் குழந்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அங்கே பாஷைக் கலகம் என்று கேட்டதிலிருந்து மனம் சரியில்லை, இருட்டின பிறகு வெளியே போகவேண்டாம். இங்கேயும் அடுத்த மாதம் நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்கின்றன, அரிசி விலை ஏறுமா இறங்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. இந்தக் கடிதம் முழுக்க என் கையெழுத்து. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு வெற்றிலை மென்று தீர்ந்துவிடுகிறது, ஆனாலும் இந்தச் செய்தியை இன்னொருவர் கையால் எழுதவைக்க முடியாது.

சந்தையில் சுமடு எடுப்பதை நிறுத்திய பிறகு, வீட்டில் சும்மா இருப்பது சுமட்டைவிடக் கனமாக இருந்தது. அதனால்தான் கோவிலில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். கீழத்தெரு நேசம்மாளும் சேர்ந்தாள், புருஷன் செத்தபின் தனியாக இருக்கிறாளே, உனக்குச் சின்ன வயதில் அயனிக் கொட்டை வறுத்துத் தருவாளே, அவள்தான். அறுப்பின் பண்டிகைக்குக் கீர்த்தனை பாட முதியவர்களும் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். நாங்கள் இருவரும் சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியாரிடம் போனோம். அவர் ஊருக்குப் புதியவர். ஆணும் பெண்ணும் சனிக்கிழமை சேர்ந்துபோய்ப் பெயர் கொடுத்தால் அது கலியாணத்துக்குத்தான் என்பது எங்கள் புத்தியில் தோன்றவில்லை. என் மனைவி இருக்கிறாளா, இவள் புருஷன் இருக்கிறானா என்று விசாரித்தார், பாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தாலும் பதில் சொன்னோம். இந்த வயசிலும் துணிஞ்சு வந்தியளே என்று மெச்சினார். ஆசைக்கு வயசு உண்டா உபதேசியாரே என்றாள் நேசம்மாள். கையெழுத்துப் போடச் சொன்னார். கைநாட்டு வைக்காமல் முதல்முறையாகச் சொந்தப் பெயரை எழுதுகிற சந்தோஷத்தில், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று இருவரும் வாசிக்கவே இல்லை.

மறுநாள் ஆராதனையில் உபதேசியார் எழும்பி, ரசலையனுக்கும் நேசம்மாளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று வாசித்தார். சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நேசம்மாள் எழும்பி மறுப்பாள் என்று பெண்கள் பக்கம் பார்த்தேன். அவள் எழும்பவில்லை. அதைவிட அதிர்ச்சி, நானும் எழும்பவில்லை. வெளியே வந்ததும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். நீரு எழும்புவீருன்னுல்லா பாத்துக்கிட்டு இருந்தேன், எனக்க முட்டு வலி உமக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு நடந்தாள். முட்டு வலிக்காரி நடக்கிற நடை இல்லை மகளே அது. சாயாக்கடைத் தாணுலிங்கம் என்னைக் கண்டதும், ஓய் மாப்பிள்ளே, விருந்துக்கு முறுக்கு வைக்கப்பிடாது கேட்டீரா, ரெண்டு பேருக்கும் சேத்து நாலு பல்லுதான் காணும் என்று கத்துகிறான்.

நாங்கள் பெயர் கொடுத்தது பாட்டுக்குத்தான் என்று தெரிந்து, நேற்று போதகர் வீட்டுக்கே வந்து வருத்தம் தெரிவித்தார். வருகிற ஞாயிறு ஒரு வார்த்தையில் ரத்து செய்துவிடலாம் என்றார். பொறுங்கள் ஐயா, மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. அதைக் கேட்டு அவர் திகைத்ததைவிட நான் திகைத்தேன்.

விக்டோரியா மக்கா, உன் அம்மை செல்லபாயின் கல்லறைக்கு நான் போவது நிற்காது. நீ என்னை இலங்கைக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடச் சொன்னாய், உன் நல்ல மனம். ஆனால் எனக்கு உட்கார முடியவில்லை. காலையில் எழும்பினால் யாரிடமாவது சாயா குடிச்சியா என்று கேட்கவேண்டும்போல் இருக்கிறது. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் இதோடு முடிந்தது. மனத்தாங்கல் இருக்காது என்று எழுத வந்தேன், பொய் எழுதக் கூடாது, கொஞ்சம் இருக்கும். உனக்குச் சம்மதமானால் எழுது. அதற்குப் பிறகுதான் நேசம்மாளிடம் நான் கேட்கவேண்டும், இன்னும் அவளிடம் நேராகக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டு வாசலைக் கர்த்தர் காத்துக்கொள்வாராக. குழந்தைக்குச் சளி என்றாயே, பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டாதே. பதிலைப் பெரிய எழுத்தாக, இடம் விட்டு எழுது. யாரிடமும் காட்டாமல் அதை நானே வாசிக்கவேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
ரசலையன்