தூங்கி விழுந்த கோழிகளும் நான் செய்த போனும்

இன்று காலை ஒரு செத்த காக்கைக்கு இரண்டு மணி நேரம் காவல் இருந்தேன். கோழிக்கடையைத் திறக்கப் போனபோது எதிரே வாதாம் மரத்தடியில் சிறகை விரித்துக்கொண்டு கிடந்தது. அடையாறு பக்கம் காக்கைகள் செத்து விழுகின்றன, பறவைக் காய்ச்சலாம், யாரும் கையால் தொடாதீர்கள் என்று ஒரு வாரமாக டிவியில் சொல்கிறார்கள். மாநகராட்சிக்குப் போன் செய்துவிட்டு, கூடை ஒன்றை அதன்மேல் கவிழ்த்து, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சும்மா உட்கார விட்டால்தானே? பூக்காரம்மா துடைப்பத்தால் சாக்கடையில் தள்ளிவிடட்டுமா என்று கேட்டாள். ஓர் ஆட்டோக்காரர் கூடையைத் தூக்கிப் பார்த்தார். போகிற வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி. "அப்ப சிக்கன் துன்னலாமா, கூடாதா?"

நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது, காக்கையைத் தொடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. வெந்த குழம்பைச் சாப்பிடப் பயப்படுகிறார்கள், செத்த பறவையைத் தொட யாருக்கும் பயமில்லை. என்னங்க, நீங்கள் இருந்திருந்தால் அதைக் காலைப் பிடித்துத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் வீசிவிட்டு, அதே கையால் பீடி பற்றவைத்திருப்பீர்கள். மாநகராட்சி ஆட்கள் கையுறை, மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு பைக்குள் கட்டி எடுத்துப்போய், அந்த இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உங்கள்மேல் கோபம் வந்தது. நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்படிக் கோபம் வரும்போது முன்பெல்லாம் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். இப்போது அதைக் கேட்க ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் பெண் கௌசல்யா தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்த வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. ஏழு மாதம் முடிந்திருந்தது. அப்போதும் இதே மாதிரி எங்கோ பக்கத்து மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்து, சைதாப்பேட்டை மார்க்கெட்டில் நம் வரிசைக் கடைகள் ஈயடித்தன. கால்நடைத்துறை டாக்டரம்மா ஒருவர் கோழிக்கடைக்காரர்களை எல்லாம் மண்டபத்துக்குக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார். நீங்கள் போகவில்லை. "நீ போய் டீயும் பிஸ்கட்டும் சாப்ட்டு வா" என்று என்னை அனுப்பினீர்கள். கல்லாவில் உட்காருவதும், கறியைக் கழுவிப் பொட்டலம் கட்டுவதும்தான் என் வேலை. ஆனாலும் போனேன்.

அந்த அம்மா சொன்னது எனக்கு அப்படியே மனதில் நின்றுவிட்டது. இந்த நோய் முதலில் பிடிப்பது சாப்பிடுகிறவரை அல்ல, அறுக்கிறவரை. கோழியின் எச்சம், மூக்கில் வடியும் சளி, இறகில் ஒட்டிய தூசி, எல்லாவற்றிலும் அது இருக்கும். அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும் தெறிப்பது மூக்கிலும் கண்ணிலும் படும். அடுப்புச் சூட்டில் நன்றாக வெந்துவிட்டால் செத்துவிடும். ஒரு கூண்டில் கோழிகள் கூட்டமாகச் சுருண்டால் மிச்சத்தை அவசரமாக அறுக்காதீர்கள், தொடாதீர்கள், எங்களுக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்லி நம்பர் போட்ட தாளும் ஆளுக்கொன்று கொடுத்தார். அதை உங்களிடம் நீட்டினேன். வாங்கி, மடித்து, ஆடிக்கொண்டிருந்த தராசு மேடைக்கு முட்டுக்கொடுத்தீர்கள்.

அடுத்த வாரம் மொத்த வியாபாரி ஒரு வண்டிக் கோழியை நம் கடையில் இறக்கிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் மூலைக் கூண்டில் நாலு செத்துக் கிடந்தன. வெயில், வண்டியில் வந்த அலுப்பு என்றீர்கள். மத்தியானத்துக்குள் மற்றவையும் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழ ஆரம்பித்தன. கொண்டை கறுத்திருந்தது, முகம் வீங்கியிருந்தது, பச்சையாகக் கழிந்தன. அந்தக் கூண்டையே நான் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் கத்தியைத் தீட்டினீர்கள். சாயங்காலம் ஹோட்டலுக்கு அனுப்ப வேண்டியதை இப்போதே அறுத்துவிடலாம், இருட்டுவதற்குள் இதுவும் போய்விடும் என்றீர்கள்.

வேண்டாம் என்றேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"செத்ததை ஒரு நாளும் வித்தவன் இல்ல நான். அது உனக்கே தெரியும். இது உசுரோடதான கீது?"

உண்மைதான். பக்கத்துக் கடைகளில் என்னென்னவோ நடந்தபோதும் செத்த கோழியை நீங்கள் ஒரு நாளும் பலகையில் வைத்ததில்லை. அந்த நாலையும்கூடத் தனியாக எடுத்துப் போட்டிருந்தீர்கள், அதுவும் வெறுங்கையால். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நீங்கள் நியாயஸ்தர். உயிரோடு இருக்கிறதா, அறுக்கலாம், அவ்வளவுதான் உங்கள் நியாயம். அது உயிரோடு இருக்கும்போதுதான் உங்களுக்கு ஆபத்து என்று நான் சொன்னதற்கு, "முப்பது வருசமா அறுத்துகினு கீறேன், எனக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டீர்கள். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு யாரிடம் பதில் இருக்கிறது?

எனக்குக் கௌசல்யாவின் வயிறுதான் கண்ணில் நின்றது. நீங்கள் அந்தச் சட்டையோடு, சட்டையில் ஒட்டிய இறகோடு வீட்டுக்கு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பேரன் உதைக்கிறானா என்று கேட்பீர்கள். தினமும் செய்வதுதானே. தராசு மேடைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை உருவினேன். மேடை ஆடியது. டீக்கடை ஓரம் போய் நின்று போன் செய்தேன்.

கால்நடைத்துறை ஜீப் வரும்வரை உங்களிடம் சொல்லவில்லை. அதற்காக மட்டும் இப்போதும் வருந்துகிறேன். சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். சொல்லியிருந்தால் செய்ய விட்டிருக்க மாட்டீர்கள் என்பதும் உண்மை. வெள்ளை உடுப்பும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நாலு பேர் இறங்கியபோது மார்க்கெட்டே நம் கடைமுன் கூடிவிட்டது. யார் போன் பண்ணியது என்று யாரோ கேட்டார்கள். நான்தான் என்றேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நம் கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, போய் நடைபாதையில் உட்கார்ந்தீர்கள்.

கோழிகளின் தொண்டையிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்து ஏதோ வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை கடைக்குப் பூட்டு. தரையெல்லாம் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும். கோழியைத் தொட்டவர்கள் என்று நம் இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். பத்து நாளைக்குத் தினமும் ஒரு நர்ஸம்மா வந்து காய்ச்சல் பார்ப்பார், இருமல், மூச்சிரைப்பு, கண் சிவப்பு எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும், முன்னெச்சரிக்கையாக இந்த மாத்திரையைப் போடுங்கள் என்றார்கள். கௌசல்யாவைக் கோடம்பாக்கத்தில் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். அதற்கும் உங்களுக்குக் கோபம். பெண்ணை வீட்டைவிட்டு விரட்டிவிட்டேன் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னீர்கள். என்னிடம் அல்ல. சுவரைப் பார்த்து.

அந்த நாட்களில் நீங்கள் சுவரோடுதான் பேசினீர்கள். "சோறு போடச் சொல்லு" என்று சுவரிடம் சொல்வீர்கள். நான் போடுவேன். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, நர்ஸம்மா படியேறும் சத்தம் கேட்டதும் மேலே இழுப்பீர்கள். மாத்திரையைப் போட்டீர்களா என்று அவர் கேட்டால் பெரிதாகத் தலையாட்டுவீர்கள். ஐந்தாம் நாள் உங்கள் தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது அந்த மாத்திரைகள் அப்படியே உதிர்ந்தன. கூடவே ஜுரத்துக்குப் போடுகிற மாத்திரை அட்டை ஒன்று, பாதி காலியாக.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு உங்கள் கையைத் தொட்டேன். கொதித்தது. மூன்று நாளாக உங்களுக்குக் காய்ச்சல். நர்ஸம்மா வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை போட்டு, சூட்டை இறக்கிக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி நெற்றியைக் காட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டேன். அன்றுதான் முதல்முதலாக என் முகத்தைப் பார்த்துப் பேசினீர்கள்.

"எனக்கு வந்துச்சுன்னா நீ சொன்னது கரெக்டாயிடும்ல."

சிரிப்பதா, அறைவதா? உயிர் போனாலும் பெண்டாட்டி சொன்னது சரியாகிவிடக் கூடாது. நர்ஸம்மாவிடம் சொன்னேன், இந்த முறை உங்கள் முன்னாலேயே. ஆம்புலன்ஸ் வந்தது. கோழி அறுக்கிறவர், நோய்ப்பட்ட கோழியைத் தொட்டவர் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அப்போதுதான் எதைத் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும் என்று நர்ஸம்மா என்னிடம் சொல்லி அனுப்பினார். அதையே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். உங்களைத் தனி அறையில் வைத்தார்கள். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தபோது நீங்கள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு நாளில், கடவுளே, நான் சொன்னது தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதை உங்களிடம் சொன்னதேயில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு கேலி வைத்திருப்பீர்கள்.

தப்பாகவே போயிற்று. உங்களுக்கு வந்தது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த சாதாரண ஃப்ளூ. கோழிகளுக்கு வந்தது வெள்ளைக்கழிச்சல் என்கிற வேறு கோழி நோய், பறவைக் காய்ச்சல் இல்லை. ஆட்டோவிலிருந்து தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி இறங்கினீர்கள். "இன்னா, என் மேல ஜீப்பை ஏவுனியே, இன்னா ஆச்சு?" கடை திறந்த அன்று மார்க்கெட்டில் எனக்குப் பறவைக் காய்ச்சல் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். பேரன் பிறந்தான். அவன் பேச ஆரம்பித்த பிறகு, ஆயா ஜீப் கூப்பிட்ட கதையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

பார்த்த மாத்திரத்தில் இரண்டு நோய்க்கும் வித்தியாசம் தெரியாது, பரிசோதனையில்தான் தெரியும் என்று அந்த டாக்டரம்மாவே கடைக்கு வந்து உங்களிடம் சொன்னார். இன்னொரு தடவை இப்படி நடந்தாலும் இந்த அம்மா மாதிரியே போன் செய்யுங்கள் என்றார். "சரிங்க மேடம்" என்றீர்கள். அவர் போனதும் என்னைப் பார்த்து, "உனக்கு சர்ட்டிபிகேட் குடுத்துட்டுப் போறாங்க" என்றீர்கள். ஒரே ஒரு தடவை, நீ பயந்ததில் நியாயம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் உங்கள் கடையில் பாதியா குறைந்திருக்கும்?

அப்புறம், மூன்று வருஷம் முன்னால், அந்த நெஞ்சு எரிச்சல். இரண்டு நாள் உங்களுக்கு வலித்திருக்கிறது. வாயு என்று நீங்களே முடிவு செய்து, வாயு மாத்திரையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் முன்னால் இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டுக் காட்டினீர்கள். ஒரு முறை தலையணைக்கு அடியில் ஒளித்தவர் இன்னொரு முறை சட்டைப் பையில் ஒளிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று நான் சட்டையைத் துவைக்கப் போடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கோழி வெட்டுகிற பலகைமேலேயே சாய்ந்துவிட்டீர்கள். அன்றைக்குப் போன் செய்ய எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எதிர்க்கடை பாபு வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, போகாமல் வாசலில் நின்றார். என்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். நீங்கள் போவதற்கு ஒரு வருஷம் முன்னால் அவர் கடைக் கூண்டில் கோழிகள் தூங்கி விழுந்தனவாம். அவர் அவசரமாக அறுக்க உட்கார்ந்தபோது நீங்கள் ரோட்டைத் தாண்டிப் போய் அவர் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினீர்களாம். உசுரோடதான இருக்கு என்று அவர் சொன்னாராம். உசுரோட இருக்கறப்பதாண்டா டேஞ்சரு என்று கத்தினீர்களாம்.

"அண்ணன் இன்னா சொன்னாரு தெரியுமா அக்கா? 'நீ போன் பண்றியா, இல்ல என் வூட்டுக்காரிய வரச் சொல்லட்டா'ன்னாரு. 'அவ சொன்னா கரெக்டா இருக்கும்டா'ன்னாரு."

பாபு அதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். நான் அழுதேன். அவரும் நான் துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனார். எனக்கு வந்தது ஆத்திரம். ஒரு வருஷம், ஒரே கூரைக்குக் கீழே, மூன்று வேளையும் என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, பாபுவிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லை. அந்த வருஷமும் பேரனுக்கு ஜீப் கதை சொன்னீர்களே, இதையும் சேர்த்துச் சொன்னால் என்ன?

இப்போது கடையை நான்தான் நடத்துகிறேன். கையுறையும் மாஸ்க்கும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு நானே அறுக்கிறேன். வீட்டுக்குள் நுழையும் முன் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கால் கழுவி, புடவை மாற்றுகிறேன். வாங்க வருகிறவர்களிடம், கறியைக் குழாய்க்கு அடியில் பிடித்துத் தெறிக்கத் தெறிக்கக் கழுவாதீர்கள், அதே கத்தியால் தக்காளி வெட்டாதீர்கள், பாதி வெந்ததைத் தின்னாதீர்கள் என்று சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். பலர் சிரிக்கிறார்கள். சிரிக்கும்போது, அவ சொன்னா கரெக்டா இருக்கும்டா என்று எனக்குள்ளேயே ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். பாபுவின் குரலில்தான் அது கேட்கிறது. உங்கள் குரலில் கேட்க எவ்வளவோ முயற்சி செய்கிறேன், வரவில்லை. வராது. நீங்கள்தான் என்னிடம் அதைச் சொன்னதே இல்லையே.