பெயர் தெரியாத புல்

இன்று காலை கடையில் வெட்டிவேர் மூட்டையைப் பிரித்தேன். வாசம் மூக்கில் ஏறியதும் வேலை ஓடவில்லை, கூட்டாளி, உன்னை நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். நீ இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அழுகைதான் வர வேண்டும், எனக்கென்னவோ பெருமை பெருமையாக வருகிறது.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பூக்கடையில் பதினெட்டு வருடமாக மாலை கட்டுகிறேன். வெட்டிவேர் மாலை என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். அந்தத் திமிரோடுதான் அன்று உன் தோட்டத்துக்கும் வந்தேன்.

குவீன்ஸ்டவுனில் உன் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பாளர் தோட்டத்தில் உனக்கு ஒரு பாத்தி கிடைத்திருந்தது. எத்தனை மாதம் அதற்காகக் காத்திருந்தாய். கிடைத்ததோ சரிவின் விளிம்பில் கடைசிப் பாத்தி. அதன் ஓரத்தில் புல் மாதிரி ஏதோ இடுப்பளவு மண்டி நின்றது. முன்பு வைத்திருந்தவர் நட்டதா, தானாக முளைத்ததா, யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட சீனப் பெரியவர் கறாராகச் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை எடுக்காவிட்டால் பாத்தி அடுத்தவருக்கு.

"லாலாங் களைதான்டி. வெட்டிப் போடு" என்று நான் குனிந்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

"பேரு தெரியாம எதையும் பிடுங்க மாட்டேன். நம்பர் பாக்காம பஸ்ல ஏறுவியா நீ?"

இருபது வருடம் பேருந்து ஓட்டியவள் நீ. எதைப் பேசினாலும் அதில் ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தாமல் உனக்கு முடியாது.

லாலாங் என்றால் பக்கவாட்டில் ஓடி அங்கங்கே முளைத்திருக்கும், இது நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லையே என்று காட்டினாய். கைபேசியில் படமெடுத்து, செடிப் பெயர் சொல்லும் செயலியைக் கேட்டாய். அது எலுமிச்சைப்புல் என்றது. உடனே ஓர் இலையைக் கசக்கி என் மூக்கில் திணித்தாய். எலுமிச்சை வாசமே இல்லை, வெறும் பச்சை வாடை. கோரையோ என்றேன். "கோரைத் தண்டு முக்கோணமா இருக்கும், விரல்ல உருட்டினா மூணு பட்டை தெரியும். இதப் பாரு, அடியில அமுக்கிவிட்ட மாதிரி தட்டையா இருக்கு" என்றாய். எனக்கு அலுத்துவிட்டது. பாத்தியே போகப்போகிறது, இவள் புல்லுக்கு ஜாதகம் பார்க்கிறாளே என்று எரிச்சலும் வந்தது.

"மேல இருக்கறது வாயத் திறக்கல. கீழ கேப்போம்" என்று ஓரத்தில் ஒரு தூரைத் தோண்டினாய். வேர் நேராகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒரு முழம் தோண்டியும் முடியவில்லை. கிடைத்ததை வெட்டி எடுத்துக்கொண்டு போனாய்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை என் முன்னால் வைத்தாய். கழுவி, ஜன்னலோரம் உலர்த்திய வேர். "மோந்து பாரு."

மோந்தேன். என் மடியில் பாதி கட்டிய வெட்டிவேர் மாலை கிடந்தது. இரண்டும் ஒரே வாசம்.

"பதினஞ்சு வருஷமா கட்டுற. செடியப் பாத்ததே இல்லையாடி?"

இல்லை. எனக்கு வெட்டிவேர் மூட்டையிலிருந்து வருவது, அவ்வளவுதான். நானே அதை வெட்டிப் போடச் சொன்னேனே என்று வெட்கமாகப் போய்விட்டது. நீயோ கிண்டல் செய்யக்கூட மறந்து வேரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரிடம் வேரை நீட்டினாய். சரிவு மண்ணைப் பிடித்து நிறுத்துகிற புல் இது என்று விளக்கினாய். அவர் மோந்தார், மறுபடி மோந்தார், துணி அலமாரியில் வாசத்துக்கு வைக்க ஒரு துண்டு கேட்டார். பாத்தி உன்னிடமே நின்றது. அடுத்து வந்த பெருமழையில் மற்ற விளிம்புப் பாத்திகளின் மண் நடைபாதைக்கு வந்துவிட்டது. உன் பாத்தி அசையவில்லை. நீ பாட்டுக்கு அடுத்த செடியை நட்டுக்கொண்டிருந்தாய். நான்தான் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: "என் கூட்டாளி கண்டுபிடிச்சதுலா."

இப்போது புக்கிட் மேராவில் எனக்கும் ஒரு பாத்தி இருக்கிறது. நீ கொடுத்த தூர் அதில் நன்றாகப் பிடித்துவிட்டது. போன வாரம் அதன் பக்கத்தில் புல் மாதிரி ஏதோ மெலிதாக முளைத்திருந்தது. பக்கத்துப் பாத்தி அக்கா உதவி செய்கிறேன் என்று கையை நீட்டினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"இருங்கக்கா, பேரு தெரியட்டும். நம்பர் பாக்காம பஸ்ல ஏறுவீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் குனிந்து தண்டை விரலில் உருட்டினேன். மூன்று பட்டை.

"கோரை" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் பிடுங்கினேன்.