இருபத்தாறு டிகிரி, ஓகே

என் அன்பு அத்தைக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஏதாவது நல்ல சேதி இருக்கும்போது எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் உங்கள் மீன்களைச் சாகக் கொடுத்துவிட்டு எழுதுகிறேன். ஐந்து ஏஞ்சல் மீன்களில் நான்கு போய்விட்டன. சூப்பர்வைசர் மட்டும் இருக்கிறார்.

அந்தப் பெயரை வைத்தது நீங்கள்தான். நான் வேலை முடிந்து வந்ததும் கண்ணாடியருகே வந்து முறைக்கும் அந்தக் கறுப்பு வரி மீனைக் காட்டி, “கம்பெனியிலதான் ஒருத்தர் நிக்கிறாருன்னா, ஊட்டுலயும் ஒருத்தர் நிக்கிறாரு பாரு” என்பீர்கள். மாமியாரை வைத்துக்கொண்டு தனியாக சூப்பர்வைசர் எதற்கு என்று நானும் விடமாட்டேன்.

ஓசூர் மார்கழி உங்களுக்குத் தெரியாததா? போன சனிக்கிழமை எனக்கு லீவு, உங்கள் மகனுக்கு ஷிஃப்ட். தூறலும் குளிருமாக இருந்தது. பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட்டை நிறுத்தினார்கள். தொட்டியின் ஹீட்டர் நின்றது. காற்றுக் குமிழி விடும் மோட்டாரும் நின்றது. எனக்கு ஹீட்டரைப் பற்றி மட்டும்தான் கவலை.

கம்பெனியில் பார்ட்ஸை அளந்து சரிபார்த்து ஷீட்டில் டிக் போடுகிறவள் நான். அந்தப் பழக்கம் வீட்டிலும் போகவில்லை. வெந்நீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டேன். நாலு பக்கமும் டிவி பெட்டியிலிருந்த தெர்மாகோல். மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு, சூடு வெளியே போகாமல் சுற்றிலும் டேப் ஒட்டி, அதன்மேல் உங்கள் கம்பளியைப் போர்த்தினேன். தெர்மாமீட்டர் தெரிய மட்டும் முன்பக்கம் தீப்பெட்டி அளவுக்கு ஓர் ஓட்டை வெட்டினேன். அரை மணிக்கு ஒருமுறை அதில் பார்த்து, நேரம், டிகிரி, ஓகே என்று ஒரு தாளில் எழுதினேன். இருபத்தேழில் தொடங்கி இருபத்தாறில் நின்றது. நீங்கள் இருந்தால் மெச்சுவீர்கள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு எழுதி முடித்த கையோடு, பக்கத்து வீட்டு மஞ்சுளா தீப்பெட்டி கேட்டு வந்தாள். உங்களோடு கன்னடமும் தமிழும் கலந்து அரட்டை அடிப்பாளே, அவள்தான். “இதென்னக்கா பார்சலு?” என்று கம்பளியைத் தூக்கினாள். கவர் உள்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. டேப்பைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். “ஐயோ, நோடி அக்கா, இங்க பாருங்க, வாய வாய தொறக்குது” என்றாள்.

ஒன்றுதான் வாயைத் திறந்துகொண்டிருந்தது. மற்ற நான்கும் சாய்ந்து கிடந்தன. தண்ணீர் கதகதப்பாகத்தான் இருந்தது. அதில் காற்று இல்லை.

மஞ்சுளாதான் ஓடிப்போய் மக்கை எடுத்து வந்தாள். தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். “அம்மா இப்டிதான் பண்ணுவாங்க, தண்ணிக்குள்ள காத்து போவும்னு சொன்னாங்க” என்றாள். கரண்ட் போகும்போதெல்லாம் நீங்கள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அப்படி ஊற்றியதை நானும்தான் பார்த்தேன். “மீனுக்கு அபிஷேகமா அத்தை?” என்று சிரித்துவிட்டுப் போனேனே தவிர, எதற்கு என்று ஒரு நாள் கேட்டேனா?

மீனுக்காக மட்டும் இந்தக் கடிதம் இல்லை. எதற்காக என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்த பத்து நாளும் டீ பிரேக்கில் போன் செய்வேன். “எவ்ளோ அத்தை?” என்பேன். நீங்கள் தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்வீர்கள். வீட்டுக்கு வந்ததும் அதை நோட்டில் எழுதிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். பத்தாவது நாள், “நார்மல்தான்” என்றீர்கள். நிறுத்தினீர்கள். மூச்சு வாங்கியது. “நார்மல்தான் கண்ணு, நீ வேலயப் பாரு.”

அந்த மூச்சு என் காதில் விழுந்தது, அத்தை. விழவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல முடியாது. காய்ச்சல்தான் இல்லையே என்று போனை வைத்துவிட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரியில், சளி நெஞ்சை அடைத்துவிட்டது, ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் உங்கள் மகன், “பத்து நாளும் நோட்டு போட்டு எழ்திகினு பாத்துகினா” என்று என்னைப் பற்றிச் சொன்னார். இன்றும் சொல்கிறார். அவர் சொல்லும்போதெல்லாம் கூசிப்போகிறேன். ஆனாலும் ஒரு தடவைகூட நான் மறுத்ததில்லை. அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்ததோ என்னவோ.

சனிக்கிழமைத் தாளை நான் கிழித்துப் போடவில்லை. அதில் கடைசி வரி, நாலு மணி, இருபத்தாறு, ஓகே. அதை மடித்து உங்கள் காய்ச்சல் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

இனி கரண்ட் போனால் ஸ்டூலும் மக்குமாக உட்காருவேன், சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துக்கொண்டு. அது சுலபம். இன்னொன்றையும் செய்கிறேன். வரும் ஞாயிறு உங்கள் மகன் வீட்டில் இருப்பார். நோட்டையும் தாளையும் அவர் முன்னால் வைத்து, உங்கள் மூச்சு எனக்குக் கேட்டது என்று சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டதாக ஊரெல்லாம் நம்பும்,
உங்கள் மருமகள்