இரண்டாவது இருக்கை

ஆர்லிங்டன், ஆரிகன்
ஜனவரி 14, 1979

அன்புள்ள ட்வைட்,

நாங்கள் நலம். பனியில் அப்பாவின் இடுப்புதான் படுத்துகிறது. பிப்ரவரி 26, திங்கள், சூரிய கிரகணத்தன்று எந்த நொடியில் என்ன ஷட்டர் வேகம் என்ற அட்டவணையை முடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தால் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தாயே, அது கடைசி வரியில் இருக்கிறது. குளிருக்குப் பயந்து ட்ரக்குக்குள் உட்கார்ந்தே எடுக்கப் பார்க்கிறாயா, சோம்பேறி?

தினமும் பள்ளிப் பேருந்தை ஓட்டி முடித்து நிறுத்திவிட்டு வந்து கொட்டகையில் ஒத்திகை. கையுறையோடு ஃபில்டரைக் கழற்றி, இரண்டு நிமிடத்தில் இருபத்திரண்டு படம். அப்பா நொடி எண்ணுகிறார். நேற்று ஃபில்டரைக் கீழே போட்டுவிட்டேன். "போச்சு, சூரியன் கெளம்பிடுச்சு. இனி அடுத்த கிரகணத்துக்கு முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு வாம்மா," என்றார்.

முந்தைய நாள் ஞாயிறு மதியமே வந்துவிடு. உன் நீள லென்ஸ் இல்லாவிட்டால் என் சூரியன் பட்டாணி அளவுதான்.

அன்புடன்,
வெர்னா

போர்ட்லண்ட்
பிப்ரவரி 20

அன்புள்ள வெர்னா,

அட்டவணை கிடைத்தது. உன்னைப் போல் கணக்குப் போட நம் வானியல் சங்கத்தில் ஆளில்லை. கேமராக் கடையில் வேலை நெருக்குகிறது. ஆற்றோரச் சாலையில் வழுக்கல் என்றும் சொல்கிறார்கள். ஞாயிறு என்னைக் காணோமென்றால் காத்திருக்காதே.

ட்வைட்

ஆர்லிங்டன்
மார்ச் 4

ட்வைட்,

அந்த ஞாயிறு இருட்டும்வரை சாலையைப் பார்த்திருந்தேன். எங்காவது பள்ளத்தில் சறுக்கி விழுந்துவிட்டாயோ என்று ஷெரிஃப் அலுவலகத்துக்கே போன் போட்டேன்.

திங்கள் காலை மேகம். எட்டேகாலுக்குக் குன்றின்மேல் இருள் வந்தது, சூரியன் வரவில்லை. ஆனாலும் இருபத்திரண்டு தடவை ஷட்டரை அழுத்தினேன். பழகிய கை.

வியாழனன்று என் தங்கை லோரேன் செய்தித்தாளை அனுப்பினாள். மேகத்துக்கு மேலே, விமானத்திலிருந்து நீ எடுத்த படம். அழகான படம்.

சங்கச் செயலாளர் திருமதி ஓபெர்க்கை அழைத்தேன். அவரே ஆரம்பித்தார்: "அப்பாவுக்கு இப்ப தேவலையாம்மா? உனக்கும் ட்வைட்டுக்கும்னுதான் விமானத்துல ரெண்டு சீட்டு வாங்கினோம். அப்பாவை விட்டுட்டு உன்னால வர முடியாதுன்னு நவம்பர்லயே ட்வைட் சொல்லிட்டாரே."

என் இடத்தில் உன் மைத்துனன். எந்த ஜன்னல் கண்ணாடிக்கு நான் கணக்குப் போட்டேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. "என்னையாடி சாக்கு சொன்னான்?" என்று ஒரே தடவை கேட்டார்.

வெர்னா

போர்ட்லண்ட்
மார்ச் 10

அன்புள்ள வெர்னா,

தப்புதான். டெட் என் மனைவியின் தம்பி. கேட்டான், மறுக்க முடியவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் உன்னிடம் சொல்லத்தான் தொடங்கினேன். சொன்னால் அட்டவணை தருவாயோ மாட்டாயோ என்ற பயமும் இருந்தது.

அடுத்த பிப்ரவரியில் கென்யாவில் கிரகணம். சங்கம் போகிறது. நாம் சேர்ந்தே போவோம். அதற்கும் நீதான் அட்டவணை போட வேண்டும். இம்முறை படத்தின் கீழ் உன் பெயரும் இருக்கும்.

என்றும் உன் நண்பன்,
ட்வைட்

ஆர்லிங்டன்
மார்ச் 19

ட்வைட்,

சொல்லியிருந்தால் தந்திருப்பேன். உன் மைத்துனனுக்கும் ஒரு பிரதி எழுதித் தந்திருப்பேன். பதினெட்டு வருஷம் பழகியும் உனக்கு அது தெரியவில்லை.

கென்யாவுக்கு வருகிறேன். விண்ணப்பத்தை நானே நிரப்பி, நானே கையெழுத்திட்டுத் திருமதி ஓபெர்க்குக்கு அனுப்பிவிட்டேன். அப்பா லோரேன் வீட்டில் இருப்பார். உன்னிடமிருந்து தள்ளி இடம் கேட்டிருக்கிறேன்.

அட்டவணை போட்டாயிற்று. அது என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
வெர்னா ஹாகன்