பதினெட்டு லிட்டர்

அந்த நீலத் தண்ணீரின் வாசனை உனக்கு நினைவிருக்கும். எலுமிச்சை என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். எந்த ஊர் எலுமிச்சை இப்படி மணக்கும் என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். போன வாரம் தேக்காவில், பொங்கல் சந்தைக்குக் கரும்புக் கட்டு இறக்கும் இடத்துக்கு இரண்டு கடை தள்ளி, நம் டாய்லெட் டிரெய்லரை நிறுத்திவிட்டு அந்தத் தண்ணீரைக் கழிவுத் தொட்டியில் ஊற்றினேன். கையில் பட்டுவிட்டது. மூன்று முறை சோப்புப் போட்டும் வாசனை போகவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போதும் அதே வாசனைதான் வந்தது. அப்போதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ போய்ப் பதினான்கு மாதமாகிறது. எழுதி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரியும்.

ஆமாம், நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். சிரிக்காதே. வழக்கமாக அதை இழுக்கும் டிரைவருக்குக் காய்ச்சல், டாக்டரிடம் எம்சி வாங்கிக்கொண்டு படுத்துவிட்டான். இப்போது வண்டிகளுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு, வேறு யாரை அனுப்புவது? புதுப் பிக்கப்பில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று அது ஓட ஓடக் காட்டும். நம் காலத்தில் அதெல்லாம் ஏது? வண்டிகள் நிற்கும் நம் கிராஞ்சி யார்டில் கிளம்பும்போது பன்னிரண்டு என்றது. விரைவுச்சாலையில் ஏறியதும் பதினாறு. சிங்கப்பூர் ஜனவரிக் காற்று நேராக அந்த உயரப் பெட்டியின் நெற்றியில் அடித்தது. உள்ளே ஐந்நூறு லிட்டர் தண்ணீர் தளும்பி, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முதுகில் உதைத்தது. தேக்காவில் இறங்கும்முன் பார்த்தேன். பதினெட்டு.

அறிவிப்புப் பலகையில் உன் பெயருக்கு நேராக மாதாமாதம் எழுதியிருந்த அதே பதினெட்டு.

நமக்கு இரண்டு பிக்கப், ஒரே நாளில் வாங்கியவை, ஒரே ரகம். டிரெய்லரும் இரண்டு. ஒன்று ஜெனரேட்டர். இடுப்பு உயரம்தான் இருக்கும், மாட்டினால் பின்னால் ஒன்று வருவதே தெரியாது. இன்னொன்று டாய்லெட். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் தகரப் பெட்டி, மூன்று கதவு, மேலே தண்ணீர்த் தொட்டி. அதற்கு மாளிகை என்று நான்தான் பெயர் வைத்தேன். "என்ன மச்சான், இன்னிக்கும் மாளிகையா?" என்று யார்டில் எல்லாரும் கேட்க உன்னை ஓட்டுவேன். "எனக்கு மாளிகை, உனக்கு மெஷினு. போடா, எவன் பெரியவன்னு ஊரே சொல்லும்லா" என்பாய். கல்யாணமோ கோயில் திருவிழாவோ, வாடகைக்கு இரண்டும் சேர்ந்துதான் போகும். முதலில் வருகிறவன் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்பது யார்டில் எழுதாத சட்டம்.

டீசல் விலை ஏறிய வருடம் முதலாளி அந்தப் பட்டியலைப் பலகையில் ஒட்டினார். எந்த வண்டி எவ்வளவு குடித்தது, யார் ஓட்டியது, அவ்வளவுதான். எந்த டிரெய்லரை இழுத்தது என்று அதில் கட்டம் கிடையாது. குறைவாகக் குடித்தவனுக்குப் பலகையில் படமும், பேரங்காடியில் சாமான் வாங்கப் பற்றுச்சீட்டும். முதல் மாதம் நாம் மாறி மாறி இழுத்ததால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே எண் வந்தது. எந்த டிரெய்லரை மாட்டினால் எண் ஏறும் என்று அந்த மாதமே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இந்த மாதிரி விஷயம் சீக்கிரம் புரியும்.

அதுவரை நாம் ஒன்றாகத்தான் கிளம்புவோம். செம்பவாங்கில் ஒரே புளோக், நீ நாலாம் மாடி, நான் ஒன்பதாம் மாடி. உன் மகன் தொடக்கநிலை மூன்று, என் மகள் இரண்டு. பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போய்ப் பள்ளியில் விட்டுவிட்டு பஸ் பிடிப்போம். என் மனைவிக்கு விடியும்முன்னே வேலை, உன் மனைவிக்குக் கைக்குழந்தை. இரண்டாம் மாதம் நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். காலையில் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏழு மணிக்கே யார்டில் இருக்க வேண்டும், பிள்ளையை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றேன். நீ யோசிக்கக்கூட இல்லை.

"இதுக்கு எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? நீ முன்னாடி போ மச்சான். என் பையன விடத்தானே போறேன், ரெண்டையும் சேத்து விட்டுட்டு வர்றேன்."

நான் முன்னால் போனேன். ஏழு மணிக்கு ஜெனரேட்டரை மாட்டிவிட்டு, டீ குடித்துக்கொண்டு உனக்காகக் காத்திருப்பேன். நீ எட்டு மணிக்கு வேர்த்து விறுவிறுக்க வருவாய். என் மகளின் தண்ணீர்ப் பாட்டில் சில நாள் உன் பையிலேயே தங்கிவிடும், அதை என்னிடம் கொடுப்பாய். பிறகு போய் மாளிகையை மாட்டுவாய். அடுத்த மாதம் பட்டியலில் எனக்குப் பதினொன்று, உனக்குப் பதினெட்டு. என் படத்தை ஒட்டினார்கள். அந்தப் பற்றுச்சீட்டில் அரிசியும் பால்மாவும் வாங்கினேன், எந்த உறுத்தலும் இல்லாமல் சாப்பிட்டேன்.

டீசல் எண்ணெயை மிச்சம் பிடிப்பதில் என்னைவிட நீ கெட்டிக்காரன் என்பது யார்டுக்கே தெரியும். வெயில் ஏறும்முன் தரையில் குனிந்து ஒவ்வொரு டயருக்கும் காற்றுப் பார்ப்பாய். கழிவறைச் சாமான் பெட்டிகளை அச்சுக்கு நேராக, கொஞ்சம் முன்னால் தள்ளி அடுக்குவாய். "பின்னாடி கனம் போட்டா வால் ஆடும். வால் ஆடுனா எண்ணெய் போகும்." அறுபதுக்கு மேல் ஓட்ட மாட்டாய். ஒருநாள் காத்தோங்கில் ஒரு கல்யாணத்துக்கு உன்கூட உட்கார்ந்து வந்தேன். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தவுடனே காலை எடுத்துவிட்டாய். வண்டி தானாக உருண்டு போனது, பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான். நீ அசையவில்லை. "பிரேக்க மிதிச்சா எண்ணெயத்தான் மிதிக்கிற" என்றாய். தண்ணீரை இறங்கும் இடத்தில் நிரப்பிக்கொள்கிறேன், யார்டிலிருந்து சுமப்பானேன் என்று முதலாளியிடம் எத்தனை முறை கேட்டாய்! அங்கே குழாய்க்கு யாரிடம் போய்க் கெஞ்சுவது என்று அவர் மறுத்துவிட்டார்.

எனக்கு இப்போது வயிற்றெரிச்சல் எதில் தெரியுமா? போன வாரம் பதினெட்டு வந்தது புது வண்டியில். அந்தப் பழைய பிக்கப்பில், அந்தப் பெட்டியை, அத்தனை தண்ணீரோடு நீ பதினெட்டில் நிறுத்தியிருக்கிறாய். நான் இழுத்திருந்தால் இருபதைத் தாண்டியிருக்கும். பலகையில் ஒட்ட வேண்டிய படம் உன்னுடையது.

ஆறாவது மாதம் முதலாளி நம் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னபோதே எனக்குத் தெரியும்.

"ரெண்டும் ஒரே வண்டி. அவனுக்குப் பதினொன்னு, உனக்குப் பதினெட்டு. மிச்ச எண்ணெய் எங்கப்பா போகுது? வெளியில விக்கிறியா?"

"பாஸ், டாய்லெட் வண்டி கனம். காத்து புடிக்குது. இவனக் கேளுங்க, இவனும் இழுத்திருக்கான்" என்றாய்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அவ்வளவா குடிக்கும்?"

நீயும் என்னைப் பார்த்தாய். பயந்து பார்க்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பவன் மாதிரி நிம்மதியாகப் பார்த்தாய். குடிக்கும் பாஸ் என்று இரண்டு வார்த்தை. சொன்னால், அப்படியானால் மாறி மாறி இழுங்கள் என்பார். அந்த நாற்றத்தை இழுக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் தினமும் நீயே ஜெனரேட்டரை மாட்டுகிறாய் என்றும் கேட்பார். பெரிய காரணமாக ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. இவ்வளவு அற்பமான காரணம்தான்.

"தெரியல பாஸ். நான் இழுத்தப்ப அப்படித் தெரியல" என்றேன்.

நீ சாவியை மேசையில் வைத்தாய். போலீசுக்குப் போகாமல் விடுவதே பெரிது என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். நீ கேட்டதாகத் தெரியவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். யார்டு நடுவில் சட்டையைப் பிடித்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னமும் இருக்கிறது, உன்மேல்தான். மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு என் வீட்டு மணி அடித்தது. வேலை இல்லாத மனுஷன், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாய். "பாப்பா ரெடியா?" என்று கேட்டாய். என் முகத்தைப் பார்க்காமல் அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனாய். அந்த வருடம் முடியும்வரை கூட்டிப் போனாய். நானும் அனுப்பினேன்.

எண்ணெய் திருடியவன் என்ற பேச்சு நீ போன இடமெல்லாம் உனக்கு முன்னால் போய் நின்றது. வண்டி வேலை யாரும் தரவில்லை. கிடங்கில் மூட்டை தூக்கினாய், சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாய். மாரடைப்பு வந்தது ஒரு மழை நாளில், யாரோ ஒருவருடைய பிரியாணிப் பொட்டலத்தோடு. புளோக் கீழ்த்தளத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோது நம் யார்டு ஆள் ஒருவன் என் பக்கத்தில் நின்று, "நல்ல மனுசன், அந்த எண்ணெய் விஷயம் மட்டும்தான்" என்றான். அப்போதும் நான் பேசாமல் நின்றேன். என் மகள்தான் அழுதாள்.

தேக்காவிலிருந்து திரும்பிய மறுநாள் அதே பிக்கப்பில் ஜெனரேட்டரை மாட்டி, அதே தடத்தில் நானே போய் வந்தேன். பதினொன்று. இரண்டையும் ஒரு தாளில் டிரெய்லர் பெயரோடு எழுதி முதலாளி முன்னால் வைத்தேன். அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய கதையப்பா. பட்டியல்ல ஒரு கட்டம் சேத்துடு" என்றார். சேர்த்தேன். கம்ப்யூட்டரில் பத்து நிமிட வேலை. அந்தத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி நின்றேன், போட்டுக்கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனேன். ஒன்பது வருடமாக லிஃப்ட் அந்த மாடியில் நின்றாலே போனை எடுத்துப் பார்க்கிறவன் நான். உன் மனைவி இரும்புக் கதவைத் திறக்காமலே கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவருக்கு இதெல்லாம் தெரியும்ணே" என்றாள். "நீங்க ஏன் சீக்கிரம் போனீங்கன்னும் தெரியும்."

நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் சண்டை போட்டேன். தெரிஞ்சும் எதுக்கு அந்த அண்ணன் பிள்ளையக் கூட்டிட்டுப் போறீங்கன்னு. பிள்ளை என்ன பண்ணுச்சு, ரோட்டத் தனியா தாண்டுமான்னு என்னையத் திட்டுனாரு."

கம்பி வழியாகத் தாளை நீட்டினேன். "முதலாளி கையெழுத்து இருக்கு தங்கச்சி."

அவள் வாங்கவில்லை. "இத நான் யாருகிட்ட காட்டுறது? அவங்கப்பா திருடலன்னு என் மவனுக்குத் தெரியும். நீங்க என்ன பண்ணுனீங்கன்னுதான் தெரியாது. சொல்லக் கூடாதுன்னுட்டாரு அவரு. தைரியம் இருந்தா நீங்க சொல்லுங்கண்ணே, அவன்கிட்ட. பேப்பர்லாம் வேணாம்."

உன் மகன் இப்போது ராணுவத்தில், தேசிய சேவையில் இருக்கிறான். உன் உயரம் வந்துவிட்டான். நேற்றுக் காலை நான் லிஃப்டில் இறங்கும்போது அது நாலாம் மாடியில் நின்றது. பச்சை உடுப்பு, முதுகில் பெரிய பை. "குட் மார்னிங் அங்கிள், சாப்டீங்களா?" என்றான். சாப்பிட்டேன்பா என்றேன். மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்கள் இறங்கின. சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. என் கை அதன்மேல் இருந்தது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், சரியாகவே வந்தது.

கதவு திறந்தது. அவன் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

"நீங்க முன்னாடி போங்க அங்கிள்."

நான் முன்னால் போனேன்.